உறையிட்டு வைத்த இரதம்

தியானப் பகுதி: 1 தீமோத்தேயு 6:17-19, அப்போஸ்தலர் 8:26-39





ஜெர்மனி தேசத்துச் சாலைகளில் ஓடும் சில வாகனங்களின் எண் பலகையை உற்றுநோக்கினால், அதன் வலது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சிறிய எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மேலே 04 என்றும் கீழே 10 என்றும் இருக்குமானால், அந்த வாகனம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே சாலைக்கு வரலாம் என்பது அதன் பொருள். 1997-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பருவகாலப் பதிவின்படி, குறித்த மாதங்களுக்கு வெளியே அதைப் பொதுச்சாலையில் ஓட்டவும் கூடாது; நிறுத்தி வைக்கவும் கூடாது. வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கு மட்டும் செலுத்தினால் போதும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் பலர் இப்படிப் பதிவு செய்கிறார்கள். மேற்கூரையைத் திறந்து மூடத்தக்க சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்போரும் அவ்வாறே செய்கிறார்கள்.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. குளிர்நாடுகளில் உறைபனியை உருக்குவதற்காகச் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு இரும்பை அரித்துவிடும். விலையுயர்ந்த காரைக் குளிர்காலத்தில் கொட்டகைக்குள் வைத்துப் போர்வையால் மூடுவது விவேகமுள்ள காரியம்தான். ஆயினும் அந்த இரண்டு சிறிய எண்களைப் பற்றி நான் வாசித்தபோது, அவை நம்முடைய வாழ்க்கையிலும் எங்கெங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன என்ற கேள்வி எனக்குள் எழும்பிற்று. இந்த வாரம் அதை உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

யாருக்காகக் காத்துவைக்கிறோம்?

கூரை திறக்கும் சொகுசுக் காரை நாள்தோறும் ஓட்டும் மனிதர்களும் உலகில் உண்டு. ஆனால் அவர்கள் சிலரே. அவர்கள் அதில்தான் அலுவலகத்திற்குப் போவார்கள், அதில்தான் காய்கறி வாங்கி வருவார்கள், மழையிலும் அதையே எடுப்பார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "இப்படி ஓட்டினால் விலை இறங்கிவிடுமே" என்பதாகும். அது உண்மையே. அரிய கார்களின் சந்தையில், ஓடிய தூரம் குறையக் குறைய விலை கூடும். வாங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய ஓட்டப்படாமலே நிற்கும் கார்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள், ஓடாதிருந்ததற்காகவே அதிக விலை பெறுகிறது.

பிரியமானவர்களே, இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பாருங்கள். காரின் விலையைக் காக்கும்பொருட்டு அதை ஓட்டாமல் வைத்திருக்கும் மனிதன், யாருக்காக அதைக் காத்துவைக்கிறான்? இனிமேல் வந்து வாங்கப்போகிற, பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்காக. அந்த இரண்டாமவனும் அதே கணக்கைப் போட்டால், அவனும் மூன்றாமவனுக்காகக் காத்துவைப்பான். இப்படியே கைமாறிக் கைமாறி, ஒருவரும் அதன் கூரையைத் திறந்து மாலைக் காற்றை அனுபவிக்காமலேயே அந்தக் கார் பழம்பொருளாகிவிடக்கூடும். மனிதன் சேர்த்து வைக்கிறான், அதை வாரிக்கொள்வது யார் என்று அறியான் என்ற கருத்தைத் தாவீது 39-ஆம் சங்கீதத்தில் தன் ஜெபமாகவே வைக்கிறான். பிரசங்கி 5-ஆம் அதிகாரத்தில் ஞானி இன்னும் ஒரு படி மேலே போய், உடையவனுக்கே கேடாகும்படி சேமித்து வைக்கப்படும் ஐசுவரியத்தைச் சூரியனுக்குக் கீழே தான் கண்ட ஒரு தீங்கு என்கிறான்.

நிற்பதும் தேய்கிறது

ஓட்டாமல் வைத்தால் கெடாது என்று நாம் எண்ணுகிறோம். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அவர் தலையை அசைப்பார். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரின் டயர்கள், தரையைத் தொடும் பகுதியில் தட்டையாகிவிடும். பேட்டரி வடிந்துபோகும். தொட்டியிலுள்ள பெட்ரோல் பழையதாகும். எத்தனால் கலந்ததாயின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் தட்டுகளில் துரு படியும். ரப்பர் பட்டைகள் உலர்ந்து வெடிக்கும். எலிகள் புகுந்து மின்கம்பிகளைக் கடிப்பதும் உண்டு. கூரை திறக்கும் காருக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஈரத்தோடு மடித்து வைத்த துணிக்கூரையில் பூஞ்சை பிடிக்கும். மழைநீர் வடியும் சிறு குழாய்களில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே இறங்கும்.

யாக்கோபு தன் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவான்களை எச்சரிக்கும்போது, கள்வர் கொண்டுபோன பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அழுகிப்போன செல்வத்தையும், பொட்டரித்த வஸ்திரத்தையும், துருப்பிடித்த பொன்னையும் வெள்ளியையும் பற்றிப் பேசுகிறார். இவை யாவும் உபயோகிக்கப்படாமல் கெட்டவை. வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னாவும் அப்படியே. அவருடைய சொல்லை மீறி விடியுமட்டும் வைத்திருந்தவர்களின் கையில் அது பூச்சி பிடித்து நாறிற்று. அதே மன்னா, ஓய்வுநாளுக்கென்று கர்த்தர் சொன்னபடி சேர்த்து வைக்கப்பட்டபோது கெடவில்லை. யோசேப்பும் ஏழு வருஷம் தானியத்தைச் சேர்த்தான். பசித்தவர்களுக்குக் களஞ்சியத்தைத் திறந்துவிடும் நாளுக்காகச் சேர்த்தான். ஆகவே சேமிப்பதை வேதம் பழிக்கவில்லை. திறக்கும் நாள் ஒன்றில்லாத களஞ்சியத்தையே அது பழிக்கிறது.

30 லட்சம் மைல்

இதற்கு நேர்மாறான ஒரு மனிதரின் சரித்திரம் உலகம் அறிந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்ட் பகுதியில் வாழ்ந்த இர்வ் கார்டன் என்பவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 1966-ஆம் ஆண்டு அவர் வால்வோ நிறுவனத்தின் பி1800எஸ் என்னும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். அதன் கூரை திறக்கத்தக்கதல்ல. எனினும் அழகுக்குப் பேர்பெற்ற கார். அதன் விலை, ஆசிரியராகிய அவருடைய ஏறத்தாழ ஒரு வருஷச் சம்பளத்திற்கு ஈடாக இருந்தது. அப்படிப்பட்ட காரை மற்றவர்களாயிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவரோ அதையே தினமும் வேலைக்குப் போக எடுத்தார். போகவர 125 மைல், அதாவது ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

1987-இல் அந்தக் கார் 10 லட்சம் மைலைத் தொட்டது. 2002-இல் 20 லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் 30 லட்சம் மைலைக் கடந்தது. இது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர். பூமியை ஏறக்குறைய 120 முறை சுற்றிவரும் தூரம். தனி ஒருவர் ஒரே காரில் ஓட்டிய மிக அதிக தூரம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது. அவர் 2018-ஆம் ஆண்டு காலமானார்.

என்ன இரகசியம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் மிகச் சாதாரணமானது. காரோடு வந்த கையேட்டில் எழுதியிருப்பதைச் செய்தார். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றினார். சிறு சத்தம் கேட்டாலும் அலட்சியம் பண்ணாமல் பார்த்தார். நாள்தோறும் ஓட்டுகிறவனுக்குத்தான் தன் வண்டியின் சத்தம் தெரியும். வருஷத்திற்கு நான்கு முறை எடுப்பவனுக்கு எது வழக்கமான ஒலி, எது கோளாறின் ஒலி என்று எப்படித் தெரியும்? ஜெபவாழ்க்கைக்கும் இது பொருந்தும் அல்லவா? தினமும் தேவசமுகத்தில் நிற்கிறவன் தன் இருதயத்தில் எழும் சிறிய கசப்பையும் உடனே கேட்டுவிடுகிறான். பண்டிகைக்குப் பண்டிகை வருகிறவனுக்கு, வண்டி நடுவழியில் நின்ற பின்புதான் கோளாறு தெரியவருகிறது.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்து ஊழியக்காரர் மூவரையும் இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். ஒரு தாலந்தை வாங்கினவன் அதைத் திருடவில்லை, குடித்து அழிக்கவுமில்லை. வாங்கினபடியே, தேயாமல், குறையாமல் திருப்பிக் கொடுத்தான். சந்தையின் மொழியில் சொன்னால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத தாலந்து! ஆனால் எஜமான் அதைக் கண்டு மகிழவில்லை. தான் பயந்ததாக அந்த ஊழியக்காரனே சொல்லுகிறான். நாம் பத்திரம் என்று பெயரிட்டு அழைக்கும் பல காரியங்களுக்கு அடியில் இருப்பது இந்தப் பயமே.

அன்றாடம் அழிக்கும் விக்கிரகம்

நல்ல பொருளை நாள்தோறும் உபயோகிப்பதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை நினைவுகூருங்கள். சர்ப்பம் கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி தேவன் கட்டளையிட்டுச் செய்த பொருள் அது. அதன் வேலை முடிந்தது. ஆனால் ஜனங்கள் அதைப் பத்திரப்படுத்தினார்கள். நூற்றாண்டுகள் கடந்து எசேக்கியா ராஜாவின் காலத்தில் பார்த்தால், அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதை உடைத்துப்போட்டு, நிகுஸ்தான் என்று பெயரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு என்ற பொருளில்.

உறையிட்டு, துடைத்து, யாரும் தொடாதபடி வைக்கப்படும் பொருள் மெல்ல மெல்லப் பூஜைக்குரிய பொருளாகிவிடுகிறது. குழந்தை சிந்திய பிஸ்கட் துகளும், இருக்கையில் காய்ந்த மழைத்துளியின் கறையும், கதவில் ஒரு கீறலும் விழுந்த கார் விக்கிரகமாவது கடினம். அது மறுபடியும் வண்டியாகிவிடுகிறது. முதல் கீறல் விழும் நாளில் உடையவனுக்குள் எழும் கோபமே, அந்தப் பொருள் அவன் உள்ளத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு இரதங்கள்

"ஐயா, அப்படியானால் விலையுயர்ந்த காரை வாங்கி நாள்தோறும் ஓட்டினால் தேவன் பிரியப்படுவாரோ?" என்று உங்களில் ஒருவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதிருக்க, நம் வாசலில் எது நிற்கிறது என்று கர்த்தர் நிச்சயமாய்க் கேட்பார். எத்தனை ரூபாய் வரையில் வாங்கலாம் என்று வேதம் எண் ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இரதங்களை நமக்குமுன் நிறுத்துகிறது. அக்காலத்தில் இரதமே செல்வந்தரின் வாகனம்.

முதலாவது, அப்சலோமின் இரதம். 2 சாமுவேல் 15-ஆம் அதிகாரம் தொடங்கும்போதே அவன் இரதத்தையும் குதிரைகளையும், தனக்கு முன்பாக ஓட 50 ஆட்களையும் ஏற்படுத்திக்கொள்கிறான். இந்த இரதம் ஓரிடத்திற்குப் போய்ச் சேரும்படி ஏற்பட்டதல்ல, பார்க்கப்படும்படி ஏற்பட்டது. ஜனங்களின் கண்களைக் கவர்ந்து, தகப்பனின் சிங்காசனத்தைப் பறிக்க ஏற்பட்டது. அதில் இன்னொருவனுக்கு இடம் கொடுத்ததாக எழுதப்படவில்லை.

இரண்டாவது, எத்தியோப்பிய மந்திரியின் இரதம். கந்தாகே ராணியின் பொக்கிஷம் முழுவதற்கும் தலைவனாயிருந்தவன் அவன். ஆகவே அவனுடைய இரதம் எளிமையானதாக இருந்திருக்காது. அவன் அதில் ஏறி எருசலேம்வரைக்கும் தொழுதுகொள்ளப் போனான். திரும்பும் வழியில் ஏசாயாவின் புஸ்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான். இங்கே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஓடிவந்த பிலிப்புவுக்கு அவன் வாசிக்கும் சத்தம் கேட்டது. அந்த இரதம் வெளியுலகத்திற்கு அடைபட்டதாக இருக்கவில்லை. இன்று கூரை திறக்கும் காருக்கும் இந்தக் குணம் உண்டு. கண்ணாடியை ஏற்றிக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு போகிறவனுக்குத் தெரு ஒரு காட்சி மாத்திரமே. கூரையைத் திறந்தவனுக்கோ வெயிலும் தூசியும் வரும், மழைக்கு முந்திய மண்வாசனையும் வரும், சிக்னலில் கைநீட்டி நிற்கும் முதியவரின் குரலும் வரும். லூக்கா 16-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானின் வாசலில் லாசரு கிடந்தான். அந்த வாசலைத் தாண்டி அவனுடைய முனகல் உள்ளே போகவேயில்லை.

இரண்டாவது, அந்த மந்திரி பிலிப்புவை ஏறித் தன்னோடே உட்காரும்படி வேண்டிக்கொண்டான். வனாந்தர வழியில் தூசி படிந்த கால்களோடு ஓடிவந்த அந்நியனுக்குத் தன்னருகே இடம் கொடுத்தான். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே இருக்கைகள். உடையவனுக்கு ஒன்று, இன்னொன்று யாருக்கு? மருத்துவமனைக்குப் போகவேண்டிய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதில் இடம் உண்டா? ஆராதனை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் சகோதரிக்கு உண்டா?

மூன்றாவது, தண்ணீர் கண்ட இடத்தில் அவன் இரதத்தை நிறுத்தச் சொன்னான். இருவரும் இறங்கினார்கள். தேவன் குறித்த இடத்தில் இறங்கத் தெரிந்தவனுக்கு எந்த இரதமும் இடறல் அல்ல.

கூரைக்குப் பதிலாக அடித்தளம்

கூரை திறக்கும் காரை உருவாக்குகிறவர்கள் சந்திக்கும் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். சாதாரணக் காரில் இரும்புக் கூரையும் உடலைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பாகம். அதை நீக்கிவிட்டால் கார் முறுகி வளையும். ஆகையால் தரைப்பகுதியையும் இரு பக்க அடிச்சட்டங்களையும் கூடுதலாக வலுப்படுத்துவார்கள். அதனால்தான் ஒரே மாதிரியில், கூரையுள்ளதைவிடத் திறந்த கார் பெரும்பாலும் கனம் கூடியதாக இருக்கிறது. 1989-இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்எல் காரில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. கார் கவிழப்போகிறது என்று உணர்ந்தால், பின்னால் மறைந்து கிடக்கும் ஒரு வலுவான வளைவுக் கம்பி ஏறக்குறைய 0.3 விநாடியில் நிமிர்ந்து நின்று உள்ளிருப்போரின் தலையைக் காக்கும்.

மனந்திறந்து வாழ அஞ்சுகிறவர்களே, இதை எண்ணிப்பாருங்கள். திறந்து வாழ்கிறவன் பாதுகாப்பில்லாதவன் அல்ல. அவனுடைய பலம் தலைக்குமேலே மூடியிருப்பதில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் இருக்கிறது. கன்மலையின்மேல் கட்டப்பட்டவனால்தான் வீட்டுக்கதவைத் திறந்து வைக்க முடியும். விழும் வேளையிலோ, நாம் அறியாத இடத்திலிருந்து ஒரு கரம் எழும்பித் தாங்கும்.

நம் வீட்டு எண் பலகை

நம் சபையில் இப்படிப்பட்ட கார் யாரிடமும் இருப்பதாக நான் அறியேன். ஆனால் நம் வீடுகளில் உறையிட்டு வைத்த இரதங்கள் அநேகம். போதகராகிய நான் ஆராதனைக்குப் போகும் வீடுகளில், சந்தோஷ வீடுகளைப்போலவே துக்க வீடுகளும் உண்டு. அடக்க ஆராதனை முடிந்து சில நாட்கள் சென்றபின், பிள்ளைகள் தாயின் பீரோவைத் திறப்பார்கள். குண்டூசி எடுக்கப்படாத சட்டை, மடிப்புக் கலையாத பட்டுப்புடவை, விலைச்சீட்டோடு இருக்கும் போர்வை. "அம்மா நல்ல நாளுக்கென்று வைத்திருந்தார்கள்" என்று மகள் சொல்லி அழும்போது, ஆறுதலாக என்ன சொல்வது? அந்தத் தாய்க்கு எத்தனையோ நல்ல நாட்கள் வந்து போயின. இதுதான் அந்த நாள் என்று அவருக்குச் சொல்ல ஒருவருமில்லை.

புடவையாவது போகட்டும். ஒரு தகப்பன் தன் மகனைக்குறித்து எவ்வளவு பெருமைப்பட்டார் என்பதை அவருடைய நண்பர்கள் சவப்பெட்டியின் அருகே நின்று சொல்ல, மகன் முதன்முறையாகக் கேட்டு உடைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். முப்பது வருஷம் ஓட்டப்படாமல் நின்ற அன்பு அது. அதன் விலை குறைந்திருக்காது. ஆனால் அதில் ஏறிப் போகவேண்டியவன் அத்தனை வருஷமும் நடந்தே போனான்.

பொன்விளிம்பு ஒட்டிக்கொண்டு பக்கம் பிரியாதிருக்கும் வேதாகமம், கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்கு மாத்திரம் திறக்கும் இனிய குரல், வீடு கட்டி முடித்தபின் செய்யலாம் என்று தள்ளிவைத்த விருந்தோம்பல், ஓய்வுபெற்றபின் பார்க்கலாம் என்ற ஊழியம். இவற்றின்மேல் எந்த மாதத்தைப் பொறித்து வைத்திருக்கிறோம்? பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ விலையுயர்ந்த பரிமளதைலமுள்ள வெள்ளைக்கல்பரணியை உடைத்தாள். அதை விற்றிருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவர்கள் அன்று இருந்தார்கள். ஆண்டவரோ அவளுடைய செய்கையை நற்கிரியை என்றார்; தரித்திரரை மறக்கவும் அவர் சொல்லவில்லை. சில நாட்களுக்குள் கல்லறைக்குச் சுகந்தவர்க்கங்களோடு போன ஸ்திரீகளுக்கு அவருடைய சரீரம் அங்கே கிடைக்கவில்லை. உரிய வேளையில் உடைக்கப்பட்ட பரணியோ அவரை அபிஷேகம் பண்ணிற்று.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார். தேவன் நாம் அனுபவிக்கிறதற்காகச் சகலத்தையும் சம்பூரணமாய்த் தருகிறவர்; அப்படித் தருகிறபடியால் நாம் தாராளமாய்க் கொடுக்கிறவர்களாகவும் இருக்கவேண்டும். அனுபவிக்கத் தெரியாதவனுக்குக் கொடுப்பதும் கடினம். உறையை நீக்க அவன் கை பழகவில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரே ஒரு உறையை நீக்குங்கள். கண்ணாடி அலமாரியில் உள்ள நல்ல தட்டை எடுத்து, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்குச் சோறு பரிமாறுங்கள். நெடுநாள் பேசாதிருந்த அண்ணனுக்கு இன்றிரவே தொலைபேசியில் பேசுங்கள். உங்கள் பக்கத்து இருக்கையில் யாரை ஏற்றிக்கொள்ளலாம் என்று தேவனிடம் கேளுங்கள்.

ஜெபம்

எங்கள் பரம தகப்பனே, நீர் தந்தவற்றைப் பயத்தினால் புதைத்து வைக்காமலும், பெருமையினால் காட்டித் திரியாமலும், நன்றியோடு உபயோகிக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் அருகே காலியாயிருக்கும் இடத்தை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று காண்பியும். அன்பைப் பேச நாளைவரை காத்திராத நாவை எங்களுக்கு அருளும். நீர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் இறங்க எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.